நாப்ளெக்ஸுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும்?

அமெரிக்காவில் பார்மசிஸ்ட் உரிமத்துக்காக எழுதும் நாப்ளெக்ஸ் தேர்வு பற்றி வந்த கேள்விகள். தேர்வு 6 மணி நேரம், 225 கேள்விகள். அதில் 25 மதிப்பெண்ணில் சேராது. எந்த 25 என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது.

அக்கா, மே மாதம் பார்ம்.டி பட்டப்படிப்பு முடிக்கிறேன். இரண்டு மாதம் போதுமா?

போதும், தினமும் ஐந்து மணி நேரம் உட்கார முடிந்தால். வாரம் ஒரு நாள் லீவு விட்டாலும் எட்டு வாரத்தில் 240 மணி நேரம் வந்துவிடும். ஆனால் பாதி நாளை நோட்ஸ் எழுதியே தீர்த்துவிடாதீர்கள். கலர் கலராகக் கோடு போட்ட என் நோட்டை நான் மறுபடி திறக்கவே இல்லை. முதல் வாரத்திலிருந்தே கேள்விகளைப் போடுங்கள்.

இரண்டு குழந்தைகள், முழுநேர வேலை. எனக்கு எவ்வளவு காலம், மேடம்?

நான்கு, ஐந்து மாதம். காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. ஆறு மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள், முதலில் படித்த பாடம் மறந்துபோகும்.

கணக்குதான் பயம். கடைசி இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. கணக்கு முதல் நாளிலிருந்து தினமும் பத்து. ஒன்று பாருங்கள்: நோயாளியின் எடை 154 பவுண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். மருந்துப் பையில் 500 மில்லியில் 25,000 யூனிட். 154ஐ 2.2ஆல் வகுத்தால் 70 கிலோ; 70 × 18 = 1,260 யூனிட்; மில்லிக்கு 50 யூனிட் என்பதால் மணிக்கு 25.2 மில்லி. பவுண்டை மாற்ற மறந்தால் 55.4 வரும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்வியில், தப்பு என்று காட்டிக்கொடுக்க நான்கு விடைகள் இருக்காது. அடுத்த கேள்விக்குப் போனால் திரும்பி வரவும் முடியாது. அதனால் அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதிப் பழகுங்கள்.

ஒருமுறை தோற்றுவிட்டேன். 45 நாளில் மறுபடி எழுதிவிடட்டுமா?

45 நாள் என்பது விதி சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி. அது உங்களுக்குப் போதுமா என்பது வேறு விஷயம். எந்தப் பகுதியில் சறுக்கினீர்கள் என்று ஓர் அறிக்கை வந்திருக்குமே, அதை எடுங்கள். ஒரு பகுதிதான் பலவீனம் என்றால் 45 நாள் சரி. எல்லாமே கீழே என்றால் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்து வாய்ப்புகள்தான். சில மாநிலங்களில் அதற்கும் குறைவு.

2015இல் இந்தியாவில் நான்கு வருட பி.பார்ம் முடித்தேன். எப்போது படிக்க ஆரம்பிக்கலாம், சார்?

சார் இல்லை, அக்காதான்! இப்போதைக்குப் புத்தகம் வாங்காதீர்கள். 2003 ஜனவரி 1 முதல் வெளிநாட்டில் பட்டம் பெற்றவர், நாப்ளெக்ஸுக்கு முன்னால் வாங்க வேண்டிய எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழுக்கு ஐந்து வருடப் பாடத்திட்டம் படித்திருக்க வேண்டும். ஆறு வருட பார்ம்.டி என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

எம்.பி.ஜே.இ. சட்டத் தேர்வையும் அதே வாரத்தில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நாப்ளெக்ஸ் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து வையுங்கள். அப்புறம், அந்த முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள்.