ஸ்டாக்ஃபிஷ் ஓகே சொன்ன மேட் இன் 2 ஏன் திரும்பி வந்துச்சு?

கேள்வி: ஒரு மேட் இன் 2 செஸ் பஸில் (வெள்ளை ரெண்டே மூவ்ல மேட் பண்ணணும்) கம்போஸ் பண்ணேன் சார். ஸ்டாக்ஃபிஷ்ல போட்டா ரெண்டு மூவ்ல மேட்னுதான் காட்டுது. ஆனா ஒரு பத்திரிகைல இருந்து "குக்ட்"னு ஒத்த வார்த்தை போட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒருத்தர் 5000 ரூபா குடுத்தா சரி பண்ணி ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) ஆல்பத்துலயே சேர்த்துத் தரேன்றார். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

குக்ட்னா நீங்க நெனச்ச முதல் மூவ் தவிர இன்னொரு மூவ்லயும் அதே ரெண்டு மூவ்ல மேட் விழுதுன்னு அர்த்தம். ஸ்டாக்ஃபிஷ் பொய் சொல்லல, அது ஆட்டம் ஜெயிக்கறதுக்கு செஞ்ச சாஃப்ட்வேர், ஒரு வழி கெடச்சா அதுக்குப் போதும், ரெண்டாவது வழி இருக்கான்னு நீங்கதான் கேக்கணும். உங்க பொசிஷன்ல 17 காய் நிக்குது, அத இங்க பிரிச்சா தலை சுத்தும், மூணே காய்ல காட்டறேன். போர்டு எடுத்து வச்சுக்கோங்க.

வெள்ளை ராஜா எஃப்6, வெள்ளை ரூக் (நம்ம ஊர் யானைதான்) ஏ1, கறுப்பு ராஜா ஹெச்8. ராஜாவ எஃப்7க்கு நகத்துங்க, கறுப்பு ராஜாவுக்கு ஹெச்7 விட்டா போக்கிடம் இல்ல, ரூக் ஹெச்1, மேட். அழகா இருக்குல்ல? இப்ப திரும்ப முதல்ல இருந்து, ராஜாவ ஜி6க்கு நகத்துங்க. கறுப்பு ஜி8 போயே ஆகணும், ரூக் ஏ8, அதுவும் மேட். போச்சா, ரெண்டு கீ (விடையோட முதல் மூவுக்குப் பேரு கீ), பஸில் செத்துப் போச்சு.

சரி பண்றது எப்படின்னா, உங்களுக்குப் புடிச்ச வழிய விட்டுட்டு மத்தத அடைக்கணும். ஏ2ல ஒரு கறுப்பு சிப்பாய் வைங்க. ரூக் இப்ப ஏ8க்கு ஏற முடியாது, சிப்பாயும் ரூக் முன்னாடி நிக்கறதால நகர முடியாது, ராஜா எஃப்7 மட்டும்தான் மிச்சம். ஒரே ஒரு சிப்பாய்தான் செலவு. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு காயா வச்சு வச்சு 17 ஆக்கியிருக்கீங்க, ஒவ்வொரு காயும் புதுசா ஒரு ஓட்டைய தொறந்து விட்டிருக்கு. பழைய அமெரிக்க செஸ் மேதை மார்ஃபி பேர்ல சொல்ற டூமூவர்ல (மேட் இன் 2தான்) மொத்தமே 7 காய், கீ ரூக் ஏ6, சிப்பாய் வாயிலயே கொண்டு போய் வைக்கறது, செக்கும் இல்ல வெட்டும் இல்ல. உங்க கீ செக்ல ஆரம்பிக்குது, அதையும் மாத்துங்க, செக்ல ஆரம்பிக்கற டூமூவர யாரும் ரசிக்க மாட்டாங்க.

குக் இருக்கான்னு சரி பாக்க பாப்பைன்னு (Popeye) ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம், இந்த வேலைக்குன்னே செஞ்சது, எத்தன கீ இருக்கோ அத்தனையும் கொட்டிடும். அது பயமா இருந்தா லிசெஸ்ங்கற செஸ் வெப்சைட்ல அனாலிசிஸ் போயி லைன்ஸ 5 ஆக்குங்க, ரெண்டு லைன்ல மேட் இன் 2ன்னு வந்தா உடனே தெரிஞ்சிடும்.

ஒண்ணுல மட்டும் கம்ப்யூட்டர நம்பாதீங்க, காஸ்லிங் (ராஜா ரெண்டு கட்டம் நகர, ரூக் அவர தாண்டி பக்கத்துல வர்ற மூவ், ரெண்டும் அதுவரைக்கும் நகந்திருக்கக் கூடாது). உங்க போர்டுல கறுப்பு ராஜா இ8லயும் ரூக் ஏ8லயும் நிக்குது. பஸில்ல ராஜாவும் ரூக்கும் சொந்த வீட்டுல இருந்தா காஸ்லிங் உண்டுன்னுதான் எடுத்துக்கணும், நகந்திருக்குன்னு நிரூபிச்சா மட்டும்தான் இல்ல. எப்படி நிரூபிக்கறது? கறுப்புக்கு அந்த ரெண்டும் ஏ7 சிப்பாயும் மட்டும்தான் இருக்குன்னு வைங்க. இப்ப வெள்ளை ஆடணும், அப்ப கடைசியா ஆடுனது கறுப்பு, ஏ7 சிப்பாய் பொறந்த எடத்துலயே நிக்குது, அது ஆடியிருக்க முடியாது. அப்ப ராஜாவோ ரூக்கோதான் நகந்திருக்கணும், காஸ்லிங் காலி. இந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதுக்கு நேத்து நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல. உங்க போர்டுல கறுப்புக்கு வேற காயும் நெறைய இருக்கு, அதனால காஸ்லிங் உண்டு, அதையும் சேத்துதான் பாக்கணும்.

இப்ப அந்த 5000 ஆளுக்கு வரேன். ஃபிடே ஆல்பம்ங்கறது மூணு மூணு வருஷமா வெளியான ப்ராப்ளம்ல இருந்து பொறுக்கற தொகுப்பு. ஒரு பிரிவுக்கு மூணு ஜட்ஜ், ஆளுக்கு 0ல இருந்து 4 வரைக்கும் மார்க், கூட்டினா 8 வந்தாதான் உள்ள. இதுல ப்ரோக்கர் எங்க நுழைய முடியும்? நாம கம்போஸ் பண்ணத நாமளே அனுப்பறதுதான், நடுவுல ஆளே தேவையில்ல. இவங்க என்ன பண்றாங்கன்னா ஏற்கனவே டேட்டாபேஸ்ல கெடக்கற யாரோட பொசிஷனையோ கண்ணாடில பாத்த மாதிரி இடம் வலம் திருப்பி, ஒரு சிப்பாய மாத்தி வச்சு, உங்க பேர போட்டுக் குடுத்துடுவாங்க. யாராவது தேடிப் பாத்தா காப்பின்னு மாட்டறது நீங்க, அவரு இல்ல. ஒய்ஏசிபிடிபின்னு (YACPDB) ஒரு இலவச டேட்டாபேஸ் இருக்கு, லட்சக்கணக்குல ப்ராப்ளம் கெடக்கு, எதையும் அனுப்பறதுக்கு முன்னாடி அதுல ஒரு தடவ தேடிடுங்க.

இந்த ஆளுங்க பொழைக்கறதுக்கு சிஸ்டமும் ஒரு காரணம்தான். என் டூமூவர் ஒண்ணு பத்திரிகைல வந்து அதுக்கு ஜட்ஜ் அவார்டு எழுத நாலு வருஷம் ஆச்சு, அப்புறம் ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு மூணு மாசம். திருப்பி அனுப்பறவங்களாவது எந்த மூவ்ல குக்னு ஒரு வரி எழுதினா என்ன கொறஞ்சு போயிடும்?

கடைசி வரில 500 அட்வான்ஸ் குடுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. அது போனது போனதுதான், கேக்கப் போனா இன்னும் 1000 புடுங்குவான். உங்க பொசிஷன பாப்பைல நான் ஓட்டிப் பாத்தேன், மூணு கீ வருது. குதிரை டி5, உங்களோடது. மத்த ரெண்டும் ராணி மூவ். ராணிய எடுத்துட்டு அங்க ஒரு பிஷப் வச்சுப் பாருங்க.