வீட்டிலேயே நடக்கும் விலங்குக் காப்பகத்துக்கு எதைக் கொடுத்தால் உதவும்?

பல்லடம் பக்கம் ஒரு வீட்டில் மீட்கப்பட்ட 20 நாய், பூனைகளை வைத்துப் பார்க்கிறார்கள், என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிஸ்கட் வேண்டாம். வயிறு நிறையும், சத்து இல்லை. குருணை அரிசி மூட்டை கொடுங்கள், அவர்கள் வாங்கும் கோழிக்கடைக் கணக்கில் மாதம் ஒரு தொகை கட்டுங்கள்.

படுக்கைக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் அருமையானது. ஆனால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். நூல் பிசிறு, எலாஸ்டிக் துண்டு இருந்தால் குட்டி விழுங்கிவிடும். குடலில் சுருண்டு அடைத்தால் அறுவை சிகிச்சைதான். உள்ளங்கையைவிடச் சின்னத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

பினாயில் கூடவே கூடாது. அதிலுள்ள பீனால் போன்ற பொருட்கள் பூனைக்கு விஷம். நாய்க்குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸை ஒழிக்கவும் அதை நம்ப முடியாது. அதற்குப் பதில் பிளீச் வாங்கிக் கொடுங்கள். தரையைச் சுத்தம் செய்ய வீட்டுப் பிளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலக்க வேண்டும். முதலில் அழுக்கைக் கழுவித் தள்ளிவிட்டு ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் வீரியம் போய்விடும்.

தடுப்பூசிச் செலவை ஏற்பதானால் மருந்தை நீங்களே வாங்கிச் சுமக்காதீர்கள். அது 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் வீண். மருத்துவரிடமே பணத்தைக் கட்டிவிடுங்கள்.