ஷெல் சத்தத்தில் தொடங்கிய காது இரைச்சல்

கேள்வி: எனக்கு 54 வயது, வயல்தான் தொழில். 2007 மார்ச்சில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரைச் சனம் யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது எங்களுக்குக் கிட்ட ஷெல் விழுந்தது. காயம் ஒன்றுமில்லை, ஆனால் இடது காது அடைத்துக்கொண்டது. அதற்கு முந்தியும் பங்கருக்குள் இருந்து ஆட்டிலறிச் சத்தம் கேட்டே எங்கள் காலம் போனது. அடைப்பு சில நாளில் விட்டது, ‘ஙீ’ என்ற இரைச்சல் மட்டும் இன்றுவரை விடவில்லை. இப்போது வேளாண்மைக் காவலுக்குப் போய், யானையை விரட்ட யானை வெடி போட்டால் விடியும்வரை இரட்டிப்பாக இரைகிறது. ஒரு வைத்தியசாலையில் காட்டினேன். ‘ஒன்றும் செய்ய ஏலாது, பழகிக்கொள்ளுங்க’ என்றார்கள். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்கிறார்கள் ஊரில். மனைவி பேசுவதும் விளங்குவதில்லை, அதனால் வீட்டில் சண்டை. நித்திரை இல்லாத இரவுகளில், இப்படி இருந்து என்ன என்றும் யோசனை வருகிறது.
– பெயர் வேண்டாம், வவுணதீவு

பதில்: ஐயா, உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். அந்த யோசனை வருகிற இரவில் தனியாகக் காவல் வாடியில் இருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் அழைக்கலாம். காது இரைச்சலோடு வருபவர்களில் நித்திரை கெட்டு, மனம் சோர்ந்து போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வுக்கு மருத்துவம் செய்யும்போது இரைச்சலின் தொல்லையும் பலருக்குக் குறைகிறது. ஷெல் விழுந்த அந்த நாள் கனவில் வருகிறதா, கதவு அடித்தாலும் உடம்பு தூக்கிப் போடுகிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படி என்றால் உளநலப் பிரிவுக்கும் போகத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, இனி காதுக்கு வருவோம். உட்காதில் இருக்கும் நத்தைச்சுருளுக்குள் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உண்டு. சத்தத்தை நரம்புக்குக் கொடுப்பவை அவைதான். துப்பாக்கி வெடித்தால் சுடுபவரின் காதருகே 140 டெசிபலுக்கு மேல் போகும். கிட்ட விழும் ஷெல் அதற்கும் மேல். அந்த ஒரு அடியிலேயே மயிர்க்கலங்கள் முறிந்துவிடலாம், மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வரவேண்டிய தகவல் குறைந்ததும் மூளை தன் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிவைக்கிறது. நீங்கள் கேட்கும் ‘ஙீ’ பெரும்பாலும் அதுதான். அது பைத்தியமும் இல்லை, மூளை பழுதாகிப்போவதன் அடையாளமும் இல்லை.

அந்த இரைச்சலை அடியோடு அகற்றும் மருந்து இன்று கிடையாது. அந்த வைத்தியசாலையில் சொன்னதில் அவ்வளவுதான் சரி. ஒன்றும் செய்ய ஏலாது என்று உங்களை அனுப்பியதை என்னால் ஏற்க முடியாது.

முதல் வேலை யானை வெடி. இருக்கிற மயிர்க்கலங்களையும் அது தின்றுகொண்டிருக்கிறது. வெடி போட்ட இரவில் இரைச்சல் ஏறுவது, காது மறுபடியும் அடிபட்டதற்கு அடையாளம். காவலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு இரவில் யானை இறங்கினால் போகமே போய்விடும். காதை அடைத்துக்கொண்டு காவல் இருந்தால் யானை வருவதும் கேட்காது, அது இன்னும் ஆபத்து. ஆகவே தொழிற்சாலைகளில் போடுகிற, தலைக்கு மேலால் வளைந்து வரும் காதுமூடி ஒன்று வாங்கிக் கழுத்தில் தொங்கவிடுங்கள். வெடியைக் கையில் எடுக்கும் முன் ஒரே இழுப்பில் காதுக்கு ஏற்றலாம். அது கிடைக்காவிட்டால் பாமசியில் விற்கும் பஞ்சுபோன்ற நுரை அடைப்பான். அதை விரலால் மெல்லிசாக உருட்டி, மற்றக் கையால் காதை மேலே இழுத்து உள்ளே விட்டு, ஊதிப் பொருந்தும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பயனில்லை. சாதாரணப் பஞ்சை அடைப்பதும் அப்படித்தான். முடிந்தால் வெடி போடுகிற வேலையை காதுமூடி போட்ட வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

உள்ளி எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஷெல் அதிர்வில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும்.

இரவில் வீடு அடங்கியதும் இரைச்சல் கூடினதுபோல் தெரியும். றேடியோவை, இரைச்சலை மூடாத அளவுக்குத் தாழ்வாக வைத்துப் படுங்கள். மின்விசிறிச் சத்தமும் போதும். இரைச்சலோடு போட்டி போட்டுச் சத்தத்தைக் கூட்டக்கூடாது. அடிக்கடி காதைக் கவனித்து ‘இப்போது கூடவா, குறைவா’ என்று பார்ப்பதையும் விடுங்கள்.

அப்புறம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போய்க் கேள்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரைச்சல் இடது காதில் மட்டும்தான் என்றால், வேறு காரணம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். நாடியோடு சேர்ந்து துடிப்பதுபோல் கேட்டாலும் சொல்லுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். முதல் நாட்களில் தொடங்கினால்தான் மருந்துக்குப் பலன் அதிகம்.

மனைவியையும் கூட்டிப் போங்கள். வெடிச்சத்தம் முதலில் கெடுப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனை. ச, த போன்ற எழுத்துகளின் ஒலி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் அவர் பேசுவது கேட்கும், சொல் மட்டும் விளங்காது. நீங்கள் கவனிக்காமல் இருக்கிறீர்கள் என்று அவர் நினைத்திருப்பார். குசினிக்குள் இருந்து கூப்பிடாமல், முகத்துக்கு நேரே வந்து, கத்தாமல் ஆறுதலாகப் பேசச் சொல்லுங்கள். கேள்திறன் குறைந்திருந்தால் கேட்கும் கருவி பற்றிக் கேளுங்கள். பேச்சு விளங்கத் தொடங்கும்போது இரைச்சலும் பலருக்குப் பின்னால் போய்விடுகிறது, இதையும் மனைவியிடம் சொல்லிவையுங்கள்.