பாறையில் எழுதிய பெயரைத் தின்னர் போட்டு அழிக்கலாமா?

கேள்வி: சார், போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அமிர்தி காட்டுப் பக்கம் போயிருந்தோம். ஓடையை ஒட்டிய பாறையில் வெள்ளைப் பெயிண்டில் பெயர், இதயம், தேதி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மழையில் தானாகப் போய்விடும் என்கிறார் என் மைத்துனர். நண்பர்கள் நாலு பேர் தின்னரும் கம்பி பிரஷும் எடுத்துப்போய் நாங்களே அழித்துவிடலாமா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: நல்ல மனசு உங்களுக்கு, ஆனால் தயவுசெய்து தின்னரைத் தொடாதீர்கள். மைத்துனர் சொல்வதும் நடக்காது. வீட்டு கேட்டுக்கு அடிக்கிற எனாமல் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கத்தானே செய்கிறது, பாறையில் மட்டும் எப்படிக் கரையும்?

அந்தப் பாறை மேல் சாம்பலும் மஞ்சளுமாகத் தேமல் மாதிரி படர்ந்திருக்குமே, அது அழுக்கு இல்லை, உயிர். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடும்பம் நடத்துகிற ஜீவன், மசாலாவில் போடும் கல்பாசியும் இந்த வகைதான். பாறையோடு ஒட்டி வளர்பவற்றில் பல, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அப்படியென்றால் உள்ளங்கை அகலத் திட்டுக்கு என்ன வயசு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஜவ்வாது மலையில் ஒருமுறை பழைய பெயிண்ட் எழுத்து உரிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பெயிண்டோடு அந்தத் திட்டும் பட்டையாகக் கழன்று, அடியில் கல் புண் மாதிரி வெளுத்துக் கிடந்தது, பெயிண்டே இல்லாமல் அந்தப் பெயரைப் படிக்க முடிந்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தின்னர் பெயிண்டைக் கரைத்துக் கல்லின் நுண்துளைக்குள் இறக்கிவிடும், மிச்சம் ஓடைக்குப் போகும், அதில் மீனும் தவளையும் இருக்கின்றன. கம்பி பிரஷ் தப்பிப் பிழைத்த திட்டுகளையும் சுரண்டிவிடும். ஆர்மாமலைக் குகை மாதிரி இடமென்றால் இன்னும் பயம், அங்கே 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கின்றன, தேய்த்தால் அதுவும் போய்விடும். மரத்தில் பெயர் செதுக்குவதும் அப்படித்தான், இலை தயாரிக்கும் சாப்பாடு பட்டைக்கு அடியில்தான் வேருக்கு இறங்குகிறது, சுற்றி வெட்டிவிட்டால் மரமே பட்டுப்போகும்.

அமெரிக்காவில் 2014இல் ஒரு பெண் பல தேசியப் பூங்காக்களின் பாறைகளில் அக்ரிலிக் பெயிண்டால் முகங்கள் வரைந்தார். 2016இல் வந்த தீர்ப்பு: இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 200 மணி நேரச் சமூக சேவை. அங்கேயும் சுத்தம் செய்வதைப் பூங்காக்காரர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள், வந்தவர் போனவர் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். போட்டோ எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதி வனச்சரகர் அலுவலகத்தில் கொடுங்கள், பெயிண்ட் புதுசாக இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், காய்ந்து இறுகிவிட்டால் வேலை பல மடங்கு. சுத்தம் செய்ய உங்களைக் கூப்பிட்டால் நாலு பேரும் போங்கள், அவர்கள் கொடுக்கிறதை வைத்து மட்டும் தேயுங்கள்.