ஃப்ரோசன் ஷோல்டருக்கு மூட்டுக்குள் போடும் ஊசி என்ன செய்கிறது?

தோள் மூட்டைச் சுற்றிப் பை போன்ற மெல்லிய உறை உண்டு. அது அழற்சியால் தடித்துச் சுருங்குவதே ஃப்ரோசன் ஷோல்டர். அக்குளில் இறுக்கித் தைத்த ரவிக்கையோடு பரண்மேல் டப்பாவை எடுக்கப் போனால் கை பாதியில் நிற்குமே, அதே கதைதான்.

ஊசியில் ஸ்டீராய்டு இருக்கும். பெரும்பாலும் ட்ரையாம்சினலோன் 40 மில்லிகிராம், கூடவே மரத்துப்போக வைக்கும் மருந்து. மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். அன்றிரவு வலி கூடினால் பயப்பட வேண்டாம், ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் ஆகும். ஆனால் காய்ச்சல் வந்தாலோ, தோள் சிவந்து சூடானாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலிக்கும் தொடக்க மாதங்களில் போட்டால்தான் நல்ல பலன். வலி போய் இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு பலன் குறைவு. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம் வரும். ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரையும் ஏறும். வீட்டிலேயே தினமும் பாருங்கள், மாத்திரை அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஊசி போட்டாகிவிட்டது, இனிக் கைக்கு ஓய்வு என்று பலர் நினைப்பது தவறு: ஊசி அடக்குவது அழற்சியையும் வலியையும்தான், வலி தணிந்த அந்த வாரங்களில் சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றும் பயிற்சியைத் தினமும் செய்தால்தான் உறை தளரும்.