இடைக்கால ஐரோப்பாவில் பெண்களும் அதிகாரமும்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: இந்தத் துறைக்கு வர என்ன படிக்கணும் மேடம்?
பதில்: லத்தீன். அதன்பின் பழங்கையெழுத்து வாசிப்பு. பிரெஞ்சும் ஜெர்மனும் ஓரளவு.

கேள்வி: பெண்ணின் கற்பைக் காக்க இடுப்பில் பூட்டியதாகச் சொல்லும் கற்புக்கச்சை உண்மையா?
பதில்: இல்லை. 1405 வாக்கில் எழுதிய ஒரு போர்க்கருவி நூலில் படம் இருக்கிறது. அது கேலி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: பேரரசி மெடில்டா முடிசூடவே இல்லையே. அவரை ஆட்சியாளர் என்கலாமா?
பதில்: இங்கேதான் எனக்கு வாய் நீளும். மெடில்டா இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் மகள்; தந்தைக்குப் பின் அரியணை ஏறிய ஸ்டீஃபனோடு அதற்காகப் போரிட்டவர். 1141 பிப்ரவரியில் லிங்கனில் மன்னர் ஸ்டீஃபன் பிடிபட்டார். ஏப்ரலில் வின்செஸ்டரில் கூடிய திருச்சபையினர் மெடில்டாவை 'ஆங்கிலேயரின் தலைவி' என ஏற்றார்கள். லத்தீனில் 'டொமினா'. முடிசூட்டுக்கு முன் நிற்கும் படி அது. ஜூனில் லண்டன்காரர்கள் விரட்டியடித்ததால் அடுத்த படி ஏறவில்லை.

கேள்வி: திமிரால்தானே விரட்டினார்கள்?
பதில்: பணம் கேட்டார், கடிந்து பேசினார். ஆண் மன்னர்கள் கேட்காத பணமா? அதே நேரத்தில் ஸ்டீஃபனின் மனைவி, அவரும் மெடில்டாதான், தேம்ஸின் தென்கரையில் படையோடு நின்றார். ஸ்டீஃபன் பக்கத்து வரலாற்றாசிரியர் இவரை ஆணுக்குரிய உறுதி கொண்டவர் என்று மெச்சுகிறார். பேரரசி உறுதியாக நின்றால் பெண்மை போய்விட்டது என்கிறார். இதற்காகத்தான் சொல்கிறேன்: வரலாற்று நூலை மட்டும் நம்பாதீர்கள், சாசனத்தைப் பாருங்கள்.

கேள்வி: லத்தீன் இல்லாமல் சமாளிக்கலாமா?
பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: வேலை கிடைக்குமா?
பதில்: எனக்கு நிரந்தர வேலை வர நாலு ஊர் மாற வேண்டியிருந்தது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அருங்காட்சியகத்தில் கற்புக்கச்சை பார்த்தேனே?
பதில்: மறுபடியுமா! அவற்றில் பல 18, 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

கேள்வி: சாசனம் பாருங்கள் என்கிறீர்கள். மெடில்டாவின் முத்திரையில் 'ரோமானியர் அரசி' என்றல்லவா இருக்கிறது? அது ஜெர்மானியக் கணவர் வழி வந்த பட்டம். இங்கிலாந்தில் செல்லுமா?
பதில்: பலே, படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கணவர் ஐந்தாம் ஹென்றி 1125-லேயே இறந்துவிட்டார், ஆனாலும் முத்திரையை மெடில்டா விடவில்லை. பிற சீமாட்டிகளின் முத்திரை பெரும்பாலும் இருமுனையும் கூரான நீள்வட்டம்; இவருடையது அரசருக்குரிய வட்டம். செல்லுபடிக்கு ஒரு சான்று: 1141 ஜூலையில், லண்டனை விட்டு ஓடிய மறுமாதம், ஆக்ஸ்ஃபோர்டில் தன் ஆதரவாளர் க்ளாஸ்டர் மைல்ஸை ஹெரெஃபோர்ட் கோமானாக்கினார். 1143-ல் மைல்ஸ் இறந்ததும் அந்தப் பட்டத்தை மகன் ரோஜர் ஏற்றார்.