நான்கு காவலர்களும் ஒரு காங்கா மேளமும்: 'டூ மெனி கேர்ள்ஸ்' கேள்வி பதில்

ஹாலிவுட்டின் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1940இல் எடுத்த 'டூ மெனி கேர்ள்ஸ்' கறுப்பு வெள்ளைப் படம். ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசை அமெரிக்காவை ஆட்டிவைத்த நாளில் வந்த கல்லூரிப் பாட்டுப்படம். அதைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ஈரோடு வாசகர்: படம் பார்த்ததில்லை சார். கதை என்ன?

கோடீஸ்வரர் மகள் கோனி கேசி, நியூ மெக்சிகோவில் எங்கோ மூலையில் கிடக்கும் பாட்டவாட்டமி கல்லூரியில்தான் படிப்பேன் என்று அடம் பிடிக்கிறாள். அப்பாவுக்குச் சந்தேகம். நான்கு ஃபுட்பால் வீரர்களை அதே கல்லூரியில் மாணவர்களாகச் சேர்த்து, மகளுக்குத் தெரியாமல் காவல் வைக்கிறார். அவளிடம் காதல் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். அப்புறம் என்ன நடக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, அமெரிக்கர்கள் கையில் ஏந்தி ஓடும் முட்டை வடிவப் பந்து.

மதுரை வாசகர்: இது மேடை நாடகமாக வந்ததாமே? நாடகத்துக்கும் படத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஆமாம். 1939 அக்டோபரில் நியூயார்க் இம்பீரியல் தியேட்டரில் அரங்கேறியது. இசை ரிச்சர்ட் ராஜர்ஸ், பாடல்வரி லோரன்ஸ் ஹார்ட். மேடையில் இயக்கிய ஜார்ஜ் அபட்டே படத்தையும் இயக்கினார். என்னைப் பொறுத்தவரை படத்தின் பெருமதிப்பு அதில்தான் இருக்கிறது. மேடை நாடகம் திரை விழுந்ததும் காற்றோடு போய்விடும். இதிலோ அதே இயக்குநர், மேடையில் ஆடிய டெஸி ஆர்னாஸ், எடி பிராக்கன், ஹால் லெராய் மூவரோடும் வந்து, ஓராண்டு ஆவதற்குள் படமாக்கிவிட்டார். பிராக்கனின் நகைச்சுவை எந்த வேகத்தில் ஓடியது, லெராயின் கால்கள் எப்படி வளைந்தன என்று இன்றும் பார்க்க முடிகிறது.

நாயகியாக லூசில் பால், நாயகனாக ரிச்சர்ட் கார்ல்சன், கூடவே ஆன் மில்லர், ஃபிரான்சஸ் லாங்ஃபோர்டு எல்லாம் படத்துக்கென்று வந்தவர்கள். குறையும் உண்டு. வசனக் காட்சிகளில் கேமரா நாடகம் பார்க்க வந்தவர்போல நகராமல் நிற்கிறது. ஆன் மில்லர் ஆடத் தொடங்கினால் அது மறந்துவிடும்.

திருச்சி வாசகி: லூசில் பால் அவ்வளவு நன்றாகப் பாடுவாரா என்ன?

பாடியது அவரில்லை அம்மா, ட்ரூடி எர்வின். பின்னணிப் பாடகர் நமக்குப் பழகிய விஷயம், ரசிகர் கூட்டமே வைத்திருப்பார்கள். அன்றைய ஹாலிவுட் அவர்களை வெளியே காட்டாது. அந்தக் குரலுக்குரிய பெயரை இன்றாவது சொல்ல வேண்டும்.

சென்னை வாசகர்: கடைசியில் வரும் அந்த மேள ஆட்டம் என்னங்க? பார்த்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

எனக்கும் அப்படித்தான்! அதுதான் காங்கா. கியூபாவின் திருவிழா ஊர்வலங்களில் பிறந்தது, வேர் ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளத்தில். மூன்று அடி சீராக வைத்து, நான்காவதில் காலை வெட்டி உதறுவார்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசை நீண்டுகொண்டே போகும்.

தோளில் மேளம் மாட்டி அடிக்கும் ஆர்னாஸ் பிறந்தது கியூபாவின் சாந்தியாகோ நகரில். அப்பா அந்த ஊர் மேயர். 1933 புரட்சியில் ஆட்சி கவிழ, அவர் சிறைப்பட்டார், சொத்தெல்லாம் போயிற்று. குடும்பம் மயாமிக்கு வந்து சேர்ந்தது. சேவியர் கூகட்டின் வாத்தியக் குழுவில் பாடி, பிறகு சொந்தக் குழு அமைத்து, மயாமிக் கூடங்களில் காங்கா வரிசையை ஆடவைத்துப் பேர் வாங்கினார் டெஸி. படம் வந்தபோது வயது 23. சொக்கப்பனை வெளிச்சத்தில் அவர் அடிக்கும்போது, அது கதைக்காகச் செய்த வித்தையாகத் தெரியவில்லை. இழந்த ஊரின் தாளத்தையே அடிக்கிறார்.

சேலம் வாசகர்: லூசியும் டெஸியும் காதலித்தது இந்தப் படத்தில்தானா அண்ணா?

இதே படத்தில்தான் தம்பி. 1940 நவம்பர் 30 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் கிரீன்விச்சில் கல்யாணம். 1951இல் இருவரும் 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார்கள். 1957இல் அவர்களுடைய டெஸிலு நிறுவனம் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவையே விலைக்கு வாங்கியது. சம்பளத்துக்கு நடித்த இடத்துக்கே முதலாளிகள்! 1960இல் மணமுறிவு. படத்தின் கோரஸ் ஆட்டக்காரர்களில் உயரமாக ஒரு இளைஞன் தெரிவான், பாருங்கள். அவர்தான் பின்னாளில் எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் நட்சத்திரமான வான் ஜான்சன்.

பாண்டிச்சேரி வாசகி: பழங்குடியினரைக் காட்டும் விதம் உறுத்தவில்லையா?

உறுத்துகிறது, மறைக்க மாட்டேன். பாட்டவாட்டமி என்பது ஒரு பழங்குடியின் பெயர், அவர்களின் பூர்வீகம் வட அமெரிக்காவின் பேரேரிகள் பகுதி. பெயர் காதுக்கு வேடிக்கையாக இருக்கிறதென்று நியூ மெக்சிகோவில் ஒட்டிவிட்டார்கள். ஒரு பாட்டின் தலைப்பிலேயே லத்தீன் அமெரிக்கரை இழிக்கும் சொல் இருக்கிறது. தாளத்தை அவர்களிடம் வாங்கிக்கொண்டு, ஆட்களைக் கேலிக்கு வைத்துக்கொண்டார்கள். படத்தை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கோவை வாசகர்: அந்தக் காலத்தில் ஏன் இத்தனை கல்லூரிப் படங்கள்?

கல்லூரி பலருக்கும் எட்டாத கனியாக இருந்தது. 1940 மக்கள்தொகைக் கணக்குப்படி, 25 வயது கடந்த அமெரிக்கர்களில் நான்காண்டுப் படிப்பை முடித்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. பொருளாதார மந்தத்தில் அடிபட்டவர்களுக்கு, வாடகைக் கவலை இல்லாமல் இளைஞர்கள் ஆடிப் பாடும் இடம் அது. பெரிய வாத்தியக் குழுக்களை உயிரோடு வைத்திருந்ததில் கல்லூரி நடன விருந்துகளுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் வெளிவந்த 1940 அக்டோபரில்தான், 21 முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் கட்டாயப் படைச்சேவைக்காகப் பெயர் பதிந்தார்கள். திரையில் பந்தை ஏந்தி ஓடும் அதே வயதுப் பையன்கள்.

நெல்லை வாசகர்: பாட்டு மட்டும் கேட்க நேரம் இருக்கிறது. எதில் தொடங்கலாம் ஐயா?

'ஐ டிட்ன்ட் நோ வாட் டைம் இட் வாஸ்'. அறியாப் பருவத்திலிருந்து காதலால் தெளிந்தவரின் பாட்டு. பின்னர் 1957இல் 'பால் ஜோயி' படத்தில் ஃபிராங்க் சினாட்ராவும் இதைப் பாடினார். அடுத்து, படத்துக்கென்றே எழுதிய 'யூ'ர் நியரர்'. ஹார்ட் 1943இல் 48 வயதில் போய்விட்டார். வேடிக்கைக் கதைக்குப் பாட்டெழுதச் சொன்னாலும் ஏக்கத்தை உள்ளே வைத்து எழுதுவார். இந்த இரண்டையும் இரவில், அடுத்தடுத்துக் கேளுங்கள்.